எரிந்த குறிப்புகளும் ராமாபுரமும்

மனிதனுடைய ஞாபக சக்தி இக்காலத்தில் அவனைவிட்டு யந்திரங்களிடம் குடியேறிவிட்டதென்றும், கைபேசியில் ஆயிரக்கணக்கான படங்களை அடைத்துவைத்திருக்கும் பிள்ளைக்குத் தன் தாய்மாமன் வீட்டுத் தெருப் பெயர் நினைவில் இல்லையென்றும் விசனப்படுகிறவர்களை நாம் அடிக்கடி சந்திக்கிறோம். இவர்களுக்கு எதிர்க்கட்சியாக, கண்டதையும் கேட்டதையும் அப்போதைக்கப்போது பதிவு செய்துவிட்டால் மறதி என்ற சங்கடமே மனித குலத்துக்கு இராது என்று உற்சாகப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இரு கட்சியாரும் ஒரே பிழையான அபிப்பிராயத்தின் மேல் நின்றுகொண்டுதான் வாதாடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நினைவு என்பது பண்டங்களைப் போட்டுப் பூட்டிவைக்கும் ஓர் உக்கிராண அறை. அங்கே இடம் போதாவிட்டால் பண்டம் வீணாகும், வேறு அறைக்கு மாற்றினால் பத்திரமாக இருக்கும் என்பதே அந்த அபிப்பிராயம்.

இதைப் பரீட்சித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மைசூரை அடுத்த ஒரு கிராமத்தின் விருத்தாந்தத்தைச் சிபாரிசு செய்கிறேன். ஊராரை வெளியுலகுக்குக் காட்டிக்கொடுக்கலாகாது என்ற மரியாதையினால், அதை ஆராய்ந்தவர் அதன் மெய்ப்பெயரை மறைத்து ராமாபுரம் என்ற பெயரால் வழங்கினார். ஆராய்ந்தவர் எம். என். ஸ்ரீநிவாஸ். 1916ஆம் வருஷம் மைசூர் நகரத்தில், வீட்டில் தமிழ் பேசும் ஐயங்கார் குடும்பம் ஒன்றில் பிறந்து, அந்நகரத்து மகாராஜா கல்லூரியில் படித்து, பம்பாயில் ஜி. எஸ். குர்யேயிடமும் பின்னர் ஆக்ஸ்போர்டில் ராட்கிளிஃப் பிரௌன், எவன்ஸ் பிரிட்சர்ட் ஆகிய இருவரிடமும் மானிட சாஸ்திரம் பயின்றவர் அவர். கீழ்நிலையில் வைக்கப்பட்ட ஜாதிகள் மேல்ஜாதி ஆசாரங்களைக் கைக்கொண்டு தம் அந்தஸ்தை உயர்த்திக்கொள்ள முயலும் போக்குக்கு ‘ஸம்ஸ்கிருதமயமாதல்’ என்று பெயரிட்டவரும் அவரே. தேர்தல் காலத்தில் நம் பத்திரிகைகள் ஓயாமல் எழுதும் ‘ஓட்டு வங்கி’ என்ற சொற்றொடரை 1950களில் வழக்குக்குக் கொண்டுவந்த கீர்த்தியும் அவருடையதே.

தேசம் சுதந்திரமடைந்த மறு வருஷமாகிய 1948இல், மைசூரிலிருந்து பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய தூரத்திலிருந்த அந்தக் கிராமத்தில் ஸ்ரீநிவாஸ் சென்று தங்கினார். ஊர்த் தலைவர் தமக்குச் சொந்தமான மாட்டுக் கொட்டில் வீட்டில் அவருக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஒரு பக்கம் உழவு மாடுகள், மற்றொரு பக்கம் ஆக்ஸ்போர்டுப் பட்டம் பெற்ற பிராமண இளைஞர் என்ற விசித்திரமான குடித்தனத்தில் பல மாதங்கள் கழிந்தன. உழவும் நீர்ப்பாய்ச்சலும், பங்காளிச் சண்டையும் பஞ்சாயத்தும், கலியாணமும் கருமாதியும், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்ற நுட்பமான சட்டங்களும் அவருடைய குறிப்பேடுகளில் ஏறின. 1952ஆம் வருஷம் மறுபடியும் வந்து கண்டவற்றைச் சரிபார்த்துக்கொண்டார். பிறகு பரோடாவிலும் தில்லியிலும் ஆசிரியராக இருந்த காலமெல்லாம், அக்குறிப்புகளைப் பிரித்தும் வகைப்படுத்தியும் விரித்தெழுதியும் வந்தார். பதினெட்டு வருஷ உழைப்பில் உருவான அவ்வேடுகளின் மூன்று பிரதிகளையும் எடுத்துக்கொண்டு, ராமாபுரத்தைப் பற்றிய தம் பெருநூலை ஒருவழியாக எழுதி முடித்துவிட வேண்டுமென்ற சங்கற்பத்தோடு கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்கு 1970இல் போய்ச் சேர்ந்தார்.

வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கொந்தளித்திருந்த காலம் அது. ஏப்ரல் 24ஆம் தேதி அந்த நிலையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். எரிந்துபோன அறைகளில் ஸ்ரீநிவாஸுடைய அறையும் ஒன்று; மூன்று பிரதிகளும் அதிலேதான் இருந்தன. ராமாபுரத்துக்கும் யுத்தத்துக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதைத் தீ வைத்தவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. மூன்று பிரதிகள் எடுத்துவைத்த முன்ஜாக்கிரதையும், அம்மூன்றையும் ஒரே அறையில் வைத்த அஜாக்கிரதையும் ஒருங்கே அமைந்த அந்த மனித சுபாவத்தைப் பார்த்துச் சிரிக்க நமக்கும் யோக்கியதை இல்லை. அவரவர் வீட்டுப் பத்திரங்கள் எங்கே இருக்கின்றன என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

இதன்பின் நடந்ததுதான் மனத்தத்துவ சாஸ்திரத்துக்கு உரிய விஷயம். ஸால் டாக்ஸ் என்ற அமெரிக்க மானிட சாஸ்திரி, எவ்வளவு உழைப்பாளியான ஆராய்ச்சியாளனும் தான் சேகரித்ததை முழுவதும் வெளியிட்டதில்லை, ஆகையால் நினைவிலிருப்பதை வைத்தே எழுதிப் பாரும் என்று யோசனை சொன்னார். ஸ்ரீநிவாஸ் அந்த யோசனையை ஏற்றுப் பெரும்பாலும் நினைவையே ஆதாரமாகக் கொண்டு எழுதத் தொடங்கினார். ‘நினைவில் நின்ற கிராமம்’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க அந்த ஆங்கில நூல் 1976இல் வெளிவந்தது. அவர் எழுதிய மற்ற நூல்களைப் பல்கலைக்கழக மாணவர்கள் பரீட்சைக்காகப் படிக்கிறார்கள். இந்த ஒன்றைத்தான் பரீட்சை இல்லாதவர்களும் படிக்கிறார்கள். ஊர்த் தலைவரும், ஊர்ப் பெரியவர்களுள் ஒருவராகிய நாடு கௌடாவும், ஆராய்ச்சியாளருக்குத் தாமே உதவியாளராக வந்து ஒட்டிக்கொண்ட சாமர்த்தியசாலியான குள்ளே கௌடாவும் அதில் நடந்து வருகிற மாதிரி, அட்டவணைகளும் விகிதாசாரங்களும் நிரம்பிய நூலொன்றில் வந்திருக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. தீ வைத்தவர்களுக்கு இலக்கியம் கடன்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட மாட்டேன். ஆனால் அந்த விபத்து, மனத்தத்துவ நிபுணர் எவரும் திட்டமிட்டு நடத்தத் துணியாத ஒரு சோதனையைத் தானே நடத்திக் காட்டிவிட்டது.

ஞாபகத்தை அளந்து பார்க்கலாம் என்று முதலில் துணிந்தவர் ஜெர்மனியில் எபிங்ஹௌஸ். அர்த்தமற்ற அசைகளை உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதனைப் பொருளாக வைத்துக் கணக்கிட்டு, 1885இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் கரைந்துவிடுகிறது. ஒரு மாதம் சென்றபின் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. இந்தக் கணக்கை ராமாபுரத்துக்குப் பொருத்தினால், இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பிறகு ஸ்ரீநிவாஸுக்கு ஊரின் பெயரைத் தவிர ஒன்றும் மிஞ்சியிருக்கக் கூடாது. அசைகளுக்கு அர்த்தமில்லை, ராமாபுரத்துக்கு அர்த்தம் உண்டு என்பதே வித்தியாசம். கேம்பிரிட்ஜில் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932இல் எழுதிய நூலின் சாரமும் இதுவே. அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கிலேய மாணவர்களுக்குக் கொடுத்துப் பிறகு திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தபோது, அவர்கள் புரியாத பகுதிகளை உதிர்த்துவிட்டு, அந்நியமான ஓடத்தைத் தமக்குப் பழக்கமான படகாகவும், கடல்நாய் வேட்டையை மீன்பிடித்தலாகவும் மாற்றிச் சொன்னார்கள். நினைவுகூர்தல் என்பது வைத்ததை எடுத்துக் கொடுப்பதன்று, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கட்டுவது என்றும், கட்டுவதற்குரிய மாதிரி நம் வாழ்க்கையிலிருந்தே வருகிறது என்றும் அவர் முடிவு செய்தார். உக்கிராண அறை அன்றே இடிந்துவிட்டது. நம் பேச்சில்தான் இன்னும் நிற்கிறது.

நம்மவர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அன்று. நியாய சாஸ்திரக்காரர்கள் அறிவை அனுபவம் என்றும் ஸ்மிருதி என்றும் இரண்டாகப் பிரித்து, முன் அனுபவம் விட்டுச்சென்ற ஸம்ஸ்காரத்திலிருந்து மட்டும் பிறப்பது ஸ்மிருதி என்று வரையறுத்து, அதைப் பிரமாணங்களின் வரிசையில் சேர்க்க மறுத்துவிட்டார்கள். மணிமேகலையில் அளவைகளைப் பற்றி விரிவாகப் பேசும் காதையிலும், உணர்ந்ததை உணர்தல் என்பது அளவைப் போலிகளுள் ஒன்றாகவே வைக்கப்பட்டிருக்கிறது. நினைவு புத்தம் புதிதாக எதையும் நிரூபிப்பதில்லை, தன் தாயாகிய அனுபவத்தின் யோக்கியதை எவ்வளவோ அவ்வளவே தன் யோக்கியதை என்ற அந்தப் பழைய கண்டிப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பின்னால் சொல்லப்போகும் காரணத்துக்காக அதை இங்கே நினைவூட்டி வைக்கிறேன்.

ஸ்ரீநிவாஸுக்கு இவ்வளவு எப்படி நின்றது என்று கேட்டால், அவருடைய மேதை என்று பதில் சொல்லிவிடுவது சோம்பேறித்தனம். வாலிபத்தில் நேர்ந்தவை முதுமையிலும் துலக்கமாக நிற்கின்றன என்பதும், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகளே மனிதர்களிடம் அடர்ந்து கிடக்கின்றன என்பதும் ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை; ராமாபுரத்தில் காலடி வைத்தபோது அவருக்கு முப்பத்தொன்றோ முப்பத்திரண்டோ வயது, அந்தப் பருவத்தின் விளிம்பு. இதைவிட முக்கியமானது வேறொன்று. நடுவிலிருந்த இருபது வருஷமும் அவர் ராமாபுரத்தைச் சும்மா சுமந்துகொண்டிருக்கவில்லை. வகுப்பில் உதாரணமாகச் சொன்னார், கட்டுரைகளாக எழுதினார், கூட்டுக் குடும்பத் தகராறு ஒன்றையும் குயவனுக்கும் பூசாரிக்கும் நடந்த வழக்கு ஒன்றையும் தனித்தனியே எடுத்து ஆராய்ந்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பாடத்தை நான்கு முறை திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு வாரத்துக்குப்பின் அதில் நூற்றுக்கு 40 பங்கைத்தான் சொன்னார்கள்; ஒரே முறை படித்துவிட்டு, புத்தகத்தை மூடி மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 61 பங்கு சொன்னார்கள். ஆகவே, குறிப்புகளைப் பிரித்துப் பிரித்து எழுதிய அந்தப் பதினெட்டு வருஷமும் காகிதத்தில் மட்டும் படிந்திருக்கவில்லை. எரிந்தது ஏடு; ஏட்டை உண்டாக்கிய உழைப்பு எழுதினவரிடமே தங்கிவிட்டது.

அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்த அதிசயமும் அன்று இது. பர்மாவின் மலைநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எட்மண்ட் லீச் இரண்டாம் உலக யுத்தத்தின் அமளியில் தம் குறிப்புகளை இழந்து, நினைவின் துணையோடும் பழைய நூல்களின் துணையோடும் 1954இல் வெளியிட்ட நூல் இன்றுவரை அந்தத் துறையில் பெரிதும் போற்றப்படுகிறது. நம் நாட்டில் உ. வே. சாமிநாதையர் எண்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த சமயத்தில் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதத் தொடங்கி, 1942இல் காலமாகும் வரையில் எழுதியபோது, அறுபது எழுபது வருஷத்துக்கு முற்பட்ட திருவாவடுதுறை மடத்தையும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பாடஞ்சொல்லும் முறையையும் நேற்று நடந்தவைபோல் விவரித்ததை நாம் அறிவோம். ஐயரவர்கள் கடிதங்களையும் குறிப்புகளையும் போற்றிவைத்தவர் என்பது மெய்யே. ஆனால் ஆசிரியர் பெருமையை வாழ்நாள் முழுவதும் வருகிறவர்களிடமெல்லாம் வாயாரச் சொல்லி வந்தவர் என்பதையும் மறக்கலாகாது.

இனி எதிர்ப்பக்கத்துக்கு வருகிறேன். நூல் வெளிவந்த இரண்டாம் வருஷமே, 1978இல், இந்தியச் சமூகவியல் ஆராய்ச்சிப் பத்திரிகை ஒன்று அதைப் பற்றிய விமர்சனங்களுக்கென்றே ஓர் இதழை ஒதுக்கியது. இது சாஸ்திரமா, நாவலா என்ற கேள்வி எழுந்தது; இரண்டுக்கும் நடுவிலுள்ள ஏதோ ஒன்று என்று சிலர் மகிழ்ந்தார்கள், சிலர் முகஞ்சுளித்தார்கள். என் கவனத்தைக் கவர்வது வேறொரு குறை. ராமாபுரத்து ஒக்கலிகர்களும், பெரிய மனிதர்களும், ஆண்களும் அந்நூலில் உயிரோடு உலாவுகிறார்கள். சேரி மக்களும் வீட்டுக்குள்ளிருந்த பெண்களும் அந்த அளவுக்கு உலாவவில்லை. ஊர்த் தலைவருடைய விருந்தினராக இருந்தமையாலும், பிறப்பால் பிராமணர் என்று ஊரார் விதித்த கட்டுப்பாடுகளாலும் தாம் எல்லாத் தெருக்களுக்கும் ஒரே சுதந்திரத்தோடு போகக்கூடவில்லை என்பதை ஸ்ரீநிவாஸ் மறைக்கவுமில்லை. அப்படியானால், இந்தக் குறைக்கு 1970ஆம் வருஷத்துத் தீ பொறுப்பாகுமா? மூன்று பிரதிகளும் பத்திரமாக இருந்திருந்தால், அதிகமான புள்ளிகளும் அளவுகளும் கிடைத்திருக்கும். போகாத தெருவின் பேச்சு கிடைத்திருக்காது. மாட்டுக் கொட்டில் வீட்டுத் திண்ணையிலிருந்து எது கண்ணில் பட்டதோ அதுவே குறிப்பாயிற்று, எது குறிப்பாயிற்றோ அதன் சாரமே நினைவாயிற்று.

நினைவின் குற்றம் என்று நாம் தூற்றுவதில் பெரும்பகுதி கவனத்தின் குற்றம் என்று நான் சொல்வது இதனால்தான். பார்ட்லெட் தம் நூலில் ஆப்பிரிக்காவின் ஸ்வாஸி மாடுமேய்ப்பவன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறார்: எஜமானன் ஒரு வருஷத்துக்கு முன் வாங்கிய மாடுகளின் நிறம், அடையாளம், விலை, விற்றவன் பெயர் ஆகியவற்றை அவன் அற்பமான இரண்டொரு பிசகைத் தவிர ஒன்றும் விடாமல் ஒப்பித்தான். அந்த ஜனங்களுக்கு ஞாபக சக்தி அதிகம் என்று அப்போது ஒரு வதந்தி இருந்தது. மற்ற விஷயங்களில் சோதித்தபோது அவர்களும் நம்மைப் போலவே இருந்தார்கள். மாடு அவர்களுக்கு வாழ்க்கை, ஆகவே கண் அங்கே நின்றது. சென்னையில் பிறந்து மங்களூரில் வளர்ந்த ராஜன் மகாதேவன் 1981 ஜூலை 5ஆம் தேதி, வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதமாகிய ‘பை’ என்ற எண்ணின் தசமங்களை 31,811 இலக்கங்கள் வரையில் பிசகாமல் ஒப்பித்து உலகச் சாதனை புரிந்தார். பின்னர் அமெரிக்க மனத்தத்துவ நிபுணர்கள் அவரைச் சோதித்தபோது, எண்களில் அசுரராகிய அவர், படத்தில் எந்தப் பொருள் எந்த இடத்தில் இருந்தது என்ற சாதாரண விஷயத்தில் சாதாரண மனிதராகவே இருந்தார். நம் அவதானிகளின் வித்தையும் இவ்விதமே ஒரு துறையில் ஊன்றிய பயிற்சியின் பலன். பொதுவான ‘ஞாபக சக்தி’ என்று ஒரு சரக்கு இருப்பதாகவும், அதை லேகியத்தாலும் மாத்திரையாலும் வளர்க்கலாமென்றும் பரீட்சைக் காலத்தில் விளம்பரம் செய்கிறவர்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

கவனம் சரியாக இருந்தால் நினைவு பிசகாது என்று நான் சொல்வதாக எண்ணிவிடக் கூடாது. பிசகும், அதுவும் பூரண நம்பிக்கையோடு பிசகும். 1986 ஜனவரியில் சாலஞ்சர் என்ற அமெரிக்க விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள் காலையில், அட்லாண்டாவிலுள்ள எமரி பல்கலைக்கழகத்தில் உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், அச்செய்தியை எங்கே, யார் சொல்ல, எப்போது கேட்டீர்கள் என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருஷத்துக்கு மேல் கழிந்தபின் அவர்களுள் 44 பேரைத் திரும்பக் கேட்டபோது, 11 பேர் சொன்னதில் ஒன்றுகூட முன்பு எழுதியதோடு பொருந்தவில்லை; ஆனால் பலர் தம் நினைவில் அசைக்க முடியாத உறுதியோடு இருந்தார்கள். தம் கையெழுத்தையே எடுத்துக் காட்டியபோதும் அவர்களுக்கு உண்மை நினைவு திரும்பவில்லை. எலிஸபெத் லாஃப்டஸ் 1974இல் நடத்திய சோதனை இன்னும் எளிமையானது. கார்கள் இடித்துக்கொள்ளும் ஒரே படத்தைப் பார்த்தவர்களுள் சிலரிடம் ‘மோதி நொறுங்கியபோது’ என்ற சொல்லையும் சிலரிடம் ‘இடித்தபோது’ என்ற சொல்லையும் வைத்து வேகத்தைக் கேட்டார்கள். ஒரு வாரத்துக்குப்பின், உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, முதல் வகுப்பாரில் 50 பேருக்கு 16 பேரும் இரண்டாம் வகுப்பாரில் 50 பேருக்கு 7 பேரும் ஆம் என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

ஒரு நினைவை எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அது இளகி மறுபடி உறைகிறது என்பதற்கு, 2000ஆம் வருஷத்தில் எலிகளிடம் நடந்த மூளைச் சோதனைகள் பலமான ஆதாரம் கொடுத்திருக்கின்றன. அடிக்கடி சொல்லப்பட்ட கதை உறுதியாக நிற்பதற்கும், அதே கதை சிறிது சிறிதாக உருமாறுவதற்கும் ஒரே காரணம்தான் போலும். ஸ்ரீநிவாஸுடைய ராமாபுரத்தில் எவ்வளவு 1948ஆம் வருஷத்தது, எவ்வளவு அவருடைய வகுப்பறைகளில் மெருகேறியது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. அவர் தம் நூலின் தலைப்பிலேயே இது நினைவில் நின்ற கிராமம் என்று அறிவித்துவிட்டார். வாசகனை ஏமாற்றாத அந்த நேர்மைதான் அதன் சாஸ்திர யோக்கியதையைக் காப்பாற்றுகிறது. இதே நேர்மையை மேடையில் பழங்காலப் பெருமை பேசுகிறவர்களிடமும், ஐம்பது வருஷத்துக்கு முந்திய அரசியல் பேச்சுவார்த்தைகளை மேற்கோள் குறிகளுக்குள் போட்டுச் சுயசரிதை எழுதுகிறவர்களிடமும் நாம் எதிர்பார்ப்பது அநியாயமாகாது. உரையாடலின் கருத்து நிற்கும், வார்த்தைகள் நிற்பதில்லை.

இந்த விஷயத்தில் 1872ஆம் வருஷத்து இந்தியச் சாட்சியச் சட்டம், அதை எழுதியவர்களுக்கு மனத்தத்துவ சாஸ்திரம் தெரியாதிருந்தும், வியக்கத்தக்க விவேகத்தோடு நடந்துகொண்டது. சாட்சி சொல்லுகிறவன் நிகழ்ச்சி நடந்த சமயத்திலோ அதையொட்டியோ தானே எழுதிய குறிப்பைப் பார்த்துத் தன் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று அதன் 159ஆவது பிரிவு இடங்கொடுத்தது. நினைவும் ஏடும் ஒன்றையொன்று தாங்கி நிற்கவேண்டியவை என்பதை அது உணர்ந்திருந்தது. வருஷக்கணக்கில் வாய்தா வாங்கி, எட்டாம் வருஷத்தில் சாட்சியைக் கூண்டிலேற்றி, அன்று மாலை எதிரி அணிந்திருந்த சட்டையின் நிறம் என்ன என்று குறுக்கு விசாரணை செய்யும் நம் வழக்கம்தான் விவேகமற்றது. நிறத்தைத் தவறாகச் சொன்னவன் பொய்யன் என்று தீர்மானிப்பதும், தயங்காமல் சொன்னவன் மெய்யன் என்று தீர்மானிப்பதும் ஒரே அளவு ஆபத்தானவை.

கைபேசிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. லிண்டா ஹென்கல் என்ற அமெரிக்கப் பேராசிரியை 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அருங்காட்சியகத்துப் பொருள்களைப் படம் பிடித்துக்கொண்டே போனவர்கள், வெறுமே நின்று பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை நெருங்கிப் படம் பிடித்தவர்களிடம் அக்குறைவு காணப்படவில்லை. யந்திரம் நினைவைத் திருடுகிறது என்று பொதுப்படையாகப் புலம்புவது இதனால் அடிபட்டுப் போகிறது. கண் ஊன்றிய இடத்தில் யந்திரம் கெடுக்கவில்லை. கண்ணுக்குப் பதிலாக யந்திரத்தை ஊன்றிய இடத்தில்தான் கெடுத்தது. கலியாண மண்டபத்தில் தாலி கட்டும் வேளையில் எல்லோருடைய கையும் உயர்ந்து, ஒருவருடைய கண்ணும் மணமக்கள்மேல் படாமலிருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் படங்களை யார் என்றைக்குப் பார்க்கப்போகிறார்கள் என்ற கவலையைவிட, அந்தக் கணத்தை யாரும் பார்க்கவில்லையே என்ற கவலையே எனக்கு அதிகமாகிறது.

மைசூருக்கு இவ்விஷயத்தில் ஒரு விசேஷ உரிமை உண்டு. லண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பிய எம். வி. கோபாலசாமி, 1924இல் மகாராஜா கல்லூரியில் மனத்தத்துவத் துறையை ஆரம்பித்தார். இந்தியாவில் அத்துறை தொடங்கிய மிகப் பழைய இடங்களில் அது ஒன்று. அவரே 1935இல் தம் வீட்டில் ஒரு வானொலி நிலையத்தையும் ஏற்படுத்தி, அதற்கு ஆகாசவாணி என்று பெயரிட்டார். மனத்தையும் குரலையும் ஒருங்கே ஆராய ஆசைப்பட்ட ஒருவர் நடமாடிய கல்லூரியில்தான் ராமாபுரத்தை எழுதப்போகும் மாணவர் படித்தார். இந்த இரண்டு ஆசைகளையும் இன்று ஒன்றுசேர்த்து ஒரு காரியம் செய்யலாம் என்பதே நான் சொல்லவந்த யோசனை.

நம் கல்லூரி மாணவர்கள் சொந்த ஊர் வரலாறு தொகுக்கிறார்கள். ஊராட்சிகள் நூற்றாண்டு மலர் போடுகின்றன. ஊருக்கு மூத்தவர் என்று ஒருவரை உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கைபேசியில் பதிந்துகொண்டு வந்தால் வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். அந்த மூத்தவர் எப்போதும் ஒரே தெருக்காரராக, ஒரே வகைக் குடும்பத்தவராக, பெரும்பாலும் ஆணாகவே இருக்கிறார். அவர் பொய் சொல்வதில்லை. அவர் திண்ணையிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறார். 1950களில் அந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்க யாருக்கு அனுமதி இருந்தது என்று அவரிடம் கேட்டால், எல்லோரும் எடுத்தார்கள் என்று மனமார நம்பியே விடை சொல்லக்கூடும். அனுமதி மறுக்கப்பட்டவருடைய பேத்தியிடம் கேட்டால் தேதியோடு வேறு விடை வரும். இரண்டு பதில்களையும் ஒன்றாக்கிச் சமாதானம் செய்யாமல், யார் சொன்னது, எப்போது கேட்டது, கேள்வியின் வாசகம் என்ன என்ற மூன்றையும் சேர்த்து அப்படியே அச்சிட வேண்டும். சேரியிலும், குடியானவர் தெருவிலும், அக்கிரகாரத்திலும், பள்ளிவாசல் தெருவிலும் தனித்தனியே கேட்க வேண்டும். பெண்களிடம் ஆண்கள் இல்லாத வேளையில் பெண் மாணவிகள் கேட்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அதே கேள்வியோடு மறுபடியும் போக வேண்டும். கேட்டதின் பிரதிகளில் ஒன்று கல்லூரியிலும், ஒன்று ஊர் நூலகத்திலும், ஒன்று சொன்னவர் வீட்டிலுமாக வேறு வேறு இடத்தில் இருக்கட்டும்.